‘வைண்ட் அப்’ என்னும் ஆங்கிலச் சொற்றொடர்

சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் தறிவீடுகளில் சிட்டத்து நூலை இராட்டினத்திலிட்டுத் தார் சுற்றுவதைக் காணாதவர் இலர். அங்ஙனம் சுற்றுதலே ஆங்கிலத்தில் ‘வைண்ட்’ எனப்படும். அதே எழுத்துக்களை ‘விண்ட்’ என்று வாசித்தால் காற்று என்று பொருளாகிவிடும். ‘அப்’ என்பது கூடின், முற்றச் சுற்றி முடித்தல் என்றாகும். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தலும் இதுவே. அங்கே ஓட்டம் தொடங்குகிறது. கூட்டத்தைக் குறித்துச் சொன்னாலோ முடிகிறது. விந்தையான பாஷைதான்!

சங்கத்தைக் குறித்து இச்சொல் வருங்கால் அங்கத்தினர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘சங்கத்தை மூடிவிட்டார்கள், கடனும் ஒழிந்தது’ என்று சிலர் எண்ணுவர். கடன் ஒழிவதில்லை. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டப்படி, ரிஜிஸ்திரார் சங்கத்தின் பதிவை ரத்துச் செய்தபின் லிக்விடேட்டர் ஒருவரை நியமிக்கலாம். அவர் வரவேண்டிய பாக்கியைத் திரட்டி, கொடுக்கவேண்டியதைத் தீர்ப்பார். பற்றாக்குறைக்கு அங்கத்தினர் செலுத்தவேண்டிய தொகையையும் நிர்ணயிப்பார். விலகிப்போனவரும், விலகிய நாளிலிருந்த சங்கக் கடனுக்கு 2 வருஷம் வரை பொறுப்பாளியாயிருந்தார். 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் லிக்விடேட்டர் உண்டு.

இறந்தகாலத்தில் இச்சொல் ‘வௌண்ட் அப்’ என்றாகும். நோட்டீசில் அதற்கு முன் ‘பீயிங்’ என்றிருந்தால், கணக்கு இன்னும் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். டிபாசிட் வைத்தவர்கள் ரசீதுடன் லிக்விடேட்டரிடம் அப்பொழுதே கோரிக்கை கொடுத்தல் வேண்டும். ‘ஹாஸ் பீன்’ என்று வந்தபின் கேட்பதற்குக் கணக்கு இராது.