பதற்றத்துக்கும் ஒத்திகை வேண்டும்

வீட்டுப் பெரியவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும். சொந்த முகவரிகூட வாயில் வராது. அப்போது யோசிக்க வேண்டியதை இன்றே யோசித்து முடித்துவிடுங்கள்.

108 ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: கதவு எண், தெரு, பக்கத்திலுள்ள கோயிலோ ரேஷன் கடையோ, செல்போன் எண். வீட்டில் எல்லோரும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, அதை வாய்விட்டுப் படித்துப் பழகட்டும். வாய்க்குப் பழகிய வாக்கியம் பதற்றத்திலும் கைகொடுக்கும். மருந்துச் சீட்டு, பழைய ஈசிஜி, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

யாருக்கு என்ன வேலை என்பதையும் பேசி வையுங்கள். ஒருவர் நோயாளியை விட்டு நகரவே கூடாது. ஒருவர் போனில். இன்னொருவர் தெருமுனையில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வேண்டும். உறவினர்களுக்குத் தகவல் சொல்வதெல்லாம் வண்டி கிளம்பிய பிறகுதான்.

பதற்றத்தைத் தணிக்க மூச்சையும் பழக்குங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பஸ் வராத எரிச்சல், பால் பொங்கி வழிந்த கோபம் என்று சின்னச் சின்னத் தருணங்களிலேயே பழகினால்தான் பெரிய நேரத்தில் இது தானாக வரும்.

கூட இருப்பவர் நடுங்கினால் ‘தைரியமா இரு’ என்று அதட்டாதீர்கள். அதனால் பயனே இல்லை. ‘நீ போய் கேட்டைத் திறந்து வை’ என்று ஒரு வேலை கொடுங்கள்.