வெறும் சொம்பை அடுப்புல வைக்காதே!

ஆசையா ஈயச்சொம்பு வாங்கிட்டு வந்து, முதல் ரசத்துக்கே அடியில ஓட்டை போட்டுட்டு, "கடைக்காரர் ஏமாத்திட்டார்"னு புலம்பறியா? அவர் மேல தப்பில்லம்மா. வெறும் சொம்பை அடுப்புல ஏத்திட்டு நீ புளி கரைக்கப் போன பாரு, அதுதான் தப்பு.

சொம்பு செய்யற வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேணும், தாமிரத்துக்கு 1085. கேஸ் தீயோ இது எல்லாத்தையும் தாண்டின சூடு. அப்புறம் எப்படி அதுல ரசம் கொதிக்குது? உள்ள தண்ணி இருக்கே! கொதிக்கிற தண்ணி 100 டிகிரிக்கு மேல ஏறாது. வர்ற சூட்டையெல்லாம் ஆவியாகறதுக்கே செலவு பண்ணிடும். அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற உலோகமும் ரொம்ப ஏற முடியாது. இது புரிஞ்சுட்டா பாதி பாத்திரம் பிழைச்சுக்கும்.

1. முதல்ல புளித்தண்ணி, அப்புறம் அடுப்பு. முடிஞ்சதும் அடுப்பை அணைச்சுட்டு, சொம்பை இறக்கி வெச்சு, அதுக்கப்புறம் ரசத்தை மாத்து. காலியான சொம்பை ஞாபகமில்லாம எரியற பர்னர்ல திரும்ப வைக்கிற கை நிறைய உண்டு.

2. சிம்லயே வை. தீ பக்கவாட்டுல ஏறக் கூடாது. அரைச் சொம்பு ரசம்னா மேல்பாதிக்குத் துணையா தண்ணி இல்ல, அங்கதான் முதல்ல இளகும். ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்கற சொம்பெல்லாம் அப்படிப் போனதுதான்.

3. தாளிப்பைத் தனிக் கரண்டியில பண்ணிக் கொட்டு. எண்ணெய் காய்ஞ்சா 232 டிகிரியை அலட்சியமா தாண்டிடும். கெட்டிக் குழம்பும் வேண்டாம்; அடி பிடிக்கிற இடத்துல தண்ணி ஏது?

4. விலை ரொம்ப மலிவா? கீழ வெச்சுட்டு வா. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. காரீயம் கலந்ததுல புளி ஊத்தினா விஷம் ரசத்துல இறங்கும். தெரிஞ்ச கடையில, சுத்த வெள்ளீயம்னு கேட்டு வாங்கு.

5. ஈயம் பூசின பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே சட்டம். பித்தளை தாங்கும், பூச்சு தாங்காது. ஈயம் பூசறவரை உட்கார்ந்து பார்த்திருக்கியா? பாத்திரத்தை நல்லா சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்புனு வெள்ளைப் புகை வரும். ஈயத்தைத் தொட்டு வெச்சதும் தண்ணியா ஓடும், பஞ்சால ஒரே சுழட்டு சுழட்டினா உள்ள பளபளன்னு ஆயிடும். நீ வெறும் பாத்திரத்தை அடுப்புல மறந்தா அதே ஈயம் மறுபடி ஓடித் திட்டுத் திட்டா நிக்கும். மஞ்சள் தெரிய ஆரம்பிச்சா புளி, தக்காளி, மோர் எதுவும் அதுல வேண்டாம். திரும்பப் பூசிக்கோ.

6. தாமிர அடி கறுத்துடுச்சுன்னு கவலைப்படாதே. சூட்டுல தாமிரம் காத்தோட சேர்ந்தா கறுக்கத்தான் செய்யும். புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சா போயிடும். தினமும் தேய்க்கணும்னு யார் சொன்னது? நேரமிருக்கும்போது போதும்.

7. தகதகன்னு காய்ஞ்ச வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் குழாயடியில காட்டாதே. ஒரு பக்கம் திடீர்னு சுருங்கும், விரிசல் விட்டுடும்.

8. ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிச்சா? தரையில தட்டி நெளிக்காதே. உள் டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்து, வெளி டம்ளரை வெந்நீர்ல நிறுத்து. உள்ளது சுருங்கும், வெளியே இருக்கிறது விரியும், லேசா திருகினா வந்துடும்.

9. தண்ணி இல்லாம குக்கரை வெச்சு சேஃப்டி வால்வு உருகிட்டா, குக்கரைத் திட்டாதே. சீக்கிரம் உருகற உலோகத்தை வேணும்னேதான் அதுல வெச்சிருக்காங்க. அடுப்பை அணைச்சுட்டு, தானா ஆறும் வரைக்கும் கிட்ட போகாதே. அதே கம்பெனி வால்வை வாங்கி மாத்து. ஓட்டையை எதையாவது வெச்சு அடைச்சு இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கலாம்னு நினைச்சே, தெரியும் சேதி!