ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்கு

வீராணம் ஏரியின் பாசனத்தில் தலைமடைக்காரர் முந்துவதா, கடைமடைக்காரர் முந்துவதா என்ற பேச்சு எழுந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றனர். வரப்பு நகர்ந்தாலும், ஆடு பயிரில் இறங்கினாலும், களத்துமேட்டில் இருவர் கைகலந்தாலும் அப்படியே கூடுகின்றனர். இரு தரப்பையும் கேட்டு, அவர் கொஞ்சமும் இவர் கொஞ்சமும் விட்டுக் கொடுக்கச் செய்து, இருவரும் நாளை ஒரே மதகில் தண்ணீர் பாய்ச்சும்படி அனுப்பி வைக்கின்றனர். இந்தப் பண்பு நம் ஊர்களின் செல்வம். அதைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று.

ஆனால் அந்த முறைக்கு அடங்காத வழக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் விருப்பத்திற்கு மாறாக அவள் உடல்மேல் நடத்தப்பெறும் வன்கொடுமையே அது. வரப்பில் இரண்டடி விட்டுக் கொடுக்கலாம். இங்கே அப்பெண் எதை விட்டுக் கொடுப்பது? இக்கேள்வியை நம் கடலூர் மாவட்டத்து நிகழ்ச்சிகளைக் கொண்டே ஆராய்வோம். ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனைத் தம் வீட்டுச் செய்தியாகக் கருதிப் படிக்க வேண்டுகிறோம்.

கடலூர் தந்த பாடம்

வயது வராத ஒரு சிறுமியை வன்கொடுமைக்கு ஆளாக்கிய ஒருவருக்குக் கடலூர் மகளிர் நீதிமன்றம் 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அக்கொடுமையின் விளைவாக அச்சிறுமி ஒரு குழந்தைக்குத் தாயானார். தண்டிக்கப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். 2015 ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், இரு தரப்பும் பேசித் தீர்த்துக் கொள்ளலாம் என்று கருதி, அவருக்குப் பிணை வழங்கி, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். குழந்தையின் எதிர்காலத்தை எண்ணியே அவ்வாறு செய்யப்பட்டது எனலாம்.

அப்பெண் சம்மதிக்கவில்லை. தம் வாழ்வைக் குலைத்தவரோடு உட்கார்ந்து பேச மறுத்துவிட்டார். 2015 ஜூலை 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்றும், குற்றவாளி அப்பெண்ணை மணக்க முன்வருவதும் ஏற்கத் தக்கதன்று என்றும் தெளிவாக்கியது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றத்து உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2021 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதனை வலியுறுத்தி, திருமணத்தையோ சமாதானத்தையோ எந்த நீதிமன்றமும் யோசனையாகக்கூடக் கூறலாகாது என்று அறிவுறுத்தியது.

உயர் நீதிமன்றத்துக்கே கூடாத ஒன்று, ஆலமரத்தடியில் கூடும் நமக்கு எப்படிக் கூடும்?

சிதம்பரம் தந்த பாடம்

1972-இல் மகாராட்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் உடலில் காயமில்லை, எதிர்த்துக் கூவவில்லை என்பன போன்ற காரணங்களால் காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. அச்சத்தால் அடங்குவது வேறு, மனம் ஒப்புவது வேறு என்று சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-இல் அந்நீதிமன்றத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் எழுந்தன. அதன் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டுத் தண்டனை வகுக்கப்பட்டது. அத்தகைய வழக்கில் தாம் சம்மதிக்கவில்லை என்று அப்பெண் கூறினால், நீதிமன்றம் அதனை மெய்யெனக் கொண்டே தொடங்க வேண்டும் என்றும் ஆயிற்று.

சட்டம் வந்தும் கொடுமை நிற்கவில்லை. 1992-ஆம் ஆண்டு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர்க் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கென்று கொண்டு செல்லப்பட்ட ஏழை ஒருவர் உயிரிழந்தார். அவருடைய மனைவியைக் காவலர்கள் அந்நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளாக்கினர். பாதுகாக்க வேண்டிய இடமே பாதகம் செய்த இடமாயிற்று. ஆயினும் அப்பெண் வாய் மூடவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முதலிய அமைப்புகள் அவர் பக்கம் நின்றன. வழக்கு நீதிமன்றம் ஏறியது; காவலர்கள் தண்டிக்கப்பட்டனர்.

அதே 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சென்ற அரசுப் பணியாளர்கள் மலைவாழ் பெண்கள் 18 பேரை வன்கொடுமை செய்தனர். அவ்வழக்கில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களில் 54 பேர் இடையில் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டனர். 2023-இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. நீதி வருவதற்கு முப்பத்தோராண்டு ஆயிற்று. ஆனாலும் வந்தது. அவ்வூர் மக்கள் ஒருவரையொருவர் கைவிடாததே அதற்குக் காரணம்.

இவற்றால் நாம் அறிவது ஒன்று. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கத்தில் ஊர் நிற்க வேண்டும். ஊர் எதிர்ப்பக்கம் நின்றால் சட்டம் அவள் வாயிற்படிக்கு வந்து சேர்வதில்லை.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் கூறிவிடுதல் முறை. முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், வீட்டுத் திட்டம் பற்றிய மனுவோடு ஒரு தாய் வந்தார். மனுவைக் கொடுத்த பின்னும் எழுந்து போகாமல் நின்றார். "இன்னும் என்ன அம்மா?" என்றோம். மணமாகிக் கணவனை இழந்து தாய் வீட்டிலிருக்கும் தம் மகளுக்கு நேர்ந்ததை மெல்லக் கூறத் தொடங்கினார். ஊரார் கூடி ஒரு தொகை பேசியிருப்பதாகவும், மகள் அதை வாங்க மாட்டேன் என்று அழுவதாகவும் சொன்னார். அன்று மாலை ஆய்வுக் கூட்டம் இருந்தது. "நாளை வாருங்கள், அம்மா, விவரமாகப் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டோம்.

அவர் மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து நாமே ஆளனுப்பி விசாரித்தபோது, பெண்ணை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தியே கிடைத்தது. அந்தத் தாய் நம் மேசை முன் நின்று பேசத் துணிய எத்தனை இரவு ஆகியிருக்கும்! அத்துணிவை ஒரு கூட்டத்திற்காக நாம் வீணாக்கினோம். நாற்று முற்றியபின் நடுவது போன்றதே காலந்தாழ்ந்து செய்யும் உதவி.

உடனே செய்யத் தக்கவை

1. முதலில் அப்பெண்ணை நம்புக. "ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை" என்ற கேள்விகள் வேண்டா. அவரை விசாரிப்பது நம் வேலையன்று.

2. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றி உடனே அளிக்க வேண்டும் என்பது சட்டம். போலீசில் புகார் எழுதிக் கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று கூறுதல் தவறு. சிகிச்சை மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

3. கூடுமானவரை குளிக்கவும் உடை மாற்றவும் முன்பே செல்லுதல் நன்று. அணிந்திருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக்கில் கட்டாமல், தாளிலோ துணிப்பையிலோ வைத்துக் கொடுக்க வேண்டும். கரு உண்டாகாமல் தடுக்கும் மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டியவை. ஆதலால் ஒவ்வொரு மணியும் மதிப்புள்ளது.

4. மருத்துவ ஆய்வு அப்பெண்ணின் சம்மதத்தோடே நடைபெற வேண்டும். விரல்களைக் கொண்டு செய்த பழைய சோதனை அறிவியலுக்கும் மானத்துக்கும் மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் கூறியுள்ளது. அதனை எவரும் செய்யலாகாது.

5. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையன்று" என்று திருப்பியனுப்புதல் கூடாது. பதிவு செய்ய மறுக்கும் அலுவலர் தண்டனைக்குரியவர். வாக்குமூலத்தைப் பெண் காவலரே எழுத வேண்டும். அப்பெண் விரும்பினால் அவர் வீட்டிலேயே எழுதலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்.

6. நாள் கடந்துவிட்டது என்று சோர வேண்டா. பல மாதம் சென்ற பின்னும் புகார் கொடுக்கலாம்.

7. பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112 என்ற தொலைபேசி எண்கள் உள்ளன.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராயின் இன்னொரு கடமையும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, செய்தி அறிந்த எவரும் அதனைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதே குற்றம். எந்த வயதுப் பெண்ணாயினும், குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் பேசுவதும் குற்றமே. நல்லது செய்வதாக எண்ணித் தொகை பேசிய பெரியவர் தாமே குற்றக்கூண்டில் நிற்க நேரிடும்.

கருவைப் பற்றிய முடிவு யாருடையது?

வன்கொடுமையால் கரு உண்டானால் என் செய்வது? ஊரார் அஞ்சி மறைப்பதும், முறையற்ற இடங்களில் கலைக்க முயன்று உயிரை இழப்பதும் இங்கேதான். 1971-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்யப்பட்டது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தைக் கொண்டும், வன்கொடுமைக்கு ஆளானோர், வயது வராதோர் முதலியோருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தைக் கொண்டும், அதற்கென ஒப்புதல் பெற்ற மருத்துவமனையில் கருவைக் கலைக்கலாம். அதற்குமேல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். ஆகவே இங்கும் நாள்களே முக்கியம்.

18 வயது நிரம்பிய பெண்ணாயின் அவர் ஒருவருடைய சம்மதமே போதும். கணவன் கையொப்பமோ, தந்தை கையொப்பமோ சட்டம் கேட்கவில்லை. வயது வராதவராயின் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். அவர் பெயரை வெளியிடும் மருத்துவருக்குத் தண்டனை உண்டு. மணமாகாத பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவைச் சுமப்பேன் என்று அப்பெண் முடிவு செய்தாலும் அதுவும் அவர் உரிமையே. கலைக்கச் சொல்லியும், கலைக்காதே என்று சொல்லியும் நெருக்குவது ஊருக்கு உரியதன்று.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே நெறிதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பமோ ஆயிரத்துக்கு ஒன்றே. ஆண்களுக்கான அறுவை எளியது, ஓரிரு நாளில் இலேசான வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லியும் கேட்பாரில்லை. சுமை முழுவதும் பெண் மேல், முடிவு மட்டும் ஆண் கையில் என்பது எந்தத் தராசிலும் நிற்காது.

ஊராட்சியின் பங்கு

ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் இச்சட்டச் செய்திகளைப் பொதுவாக எடுத்துக் கூறலாம். உதவி எண்களை நியாய விலைக் கடையிலும், பால் சங்கத்திலும், பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். வேலை உறுதித் திட்டப் பணியிடத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் கிராமச் சுகாதாரச் செவிலியரைப் பேசச் சொல்லலாம். இரவில் பெண்கள் நடக்கும் வழிகளில் விளக்கெரியச் செய்யலாம். ஆனால் எந்தப் பெண்ணின் வழக்கையும் சபையில் பெயரிட்டுப் பேசலாகாது. அவர் பெயரையோ படத்தையோ அச்சிலும் கைப்பேசியிலும் பரப்புவது தண்டனைக்குரியது.

ஊராட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. ஆண் அதிகாரியிடம் சொல்ல நா எழாத ஒன்றை, தம் தெருவிலுள்ள உறுப்பினரான அக்காளிடம் ஒரு பெண் சொல்லக்கூடும். அப்போது அந்த உறுப்பினருக்குப் பின்னால் கணவரும் கட்சியும் சாதியும் நின்று வாயை அடைக்காதிருக்க வேண்டும்.

பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தால் ஊர் மானம் போயிற்று என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். அம்மானத்தைக் காப்பதற்கென்றே அப்பெண்ணின் வாயை அடைக்கிறோம். மானம் இழந்தவன் கொடுமை செய்தவனே. அவனை மறைக்கும் ஊர்தான் தன் மானத்தை இழக்கிறது. ஆதலின், நாளை ஒரு தாய் நம் வாசலில் தயங்கி நின்றால், கூட்டம் எத்துணைப் பெரிதாயினும் ஒத்திவைத்துவிட்டு, "உட்காருங்கள், அம்மா, சொல்லுங்கள்" என்போமாக. வண்டிக்கு ஏற்பாடு செய்து, அவருடன் மருத்துவமனைக்கு அன்றே செல்வோமாக.