பொறியும் ஐம்பொறியும்

நுழையும் முன்

கொச்சியில் வளரும் நீங்கள் ‘தீப்பொரி’ என்னும் மலையாளச் சொல்லை நாள்தோறும் கேட்கிறீர்கள். அதே பழக்கத்தில் தமிழிலும் ‘பொரி’ என்று எழுதிவிடுகிறீர்கள். தமிழில் ‘பொரி’ என்றால் சரசுவதி பூசைக்குப் படைக்கும் பொரி. நெருப்பின் துகளுக்கு வல்லின ‘ற’ இட்டுப் ‘பொறி’ என்றே எழுத வேண்டும். இந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. இயந்திரம் பொறி, கண், செவி, மூக்கு, வாய், மெய் என்னும் ஐந்தும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. எலியை விட்டுவிட்டு மற்ற மூன்று பொறிகளும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்ச்சியை இப்பாடத்தில் படிப்போம்.

பாடம்

இடப்பள்ளியில் வாடகை வீட்டில் வாழும் குடும்பம் ஒன்று. அக்குடும்பத்தின் மகன் எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயில்பவன். அவ்வீட்டின் பக்கவாட்டில், தார்ப்பாயின் கீழே, பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று மூன்று ஆண்டுகளாக உறங்கிக் கிடந்தது. அது அவனுடைய தாத்தாவின் வண்டி. கம்பத்திலிருந்து குமுளி மலைச்சாலை ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவர அவர் பயன்படுத்தியது. முதுமையால் அவர் ஓட்ட இயலாது போகவே, மகன் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தார். வந்த ஆண்டில் ஓடியது, அடுத்த மழைக்காலத்தில் நின்றது, நின்றது நின்றதே.

“ஓடாத வண்டிக்கு என் வீட்டில் இடமில்லை” என்று வீட்டு உரிமையாளர் கூறிவிட்டார். பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, எடைக்கணக்கில் விலை சொல்லி, திங்கட்கிழமை எடுத்துச் செல்வதாகக் கூறிச் சென்றார். வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்தச் சிறுவன் எழுத்துப் பயிற்சியில் ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் கேட்டபோது இவ்வளவும் சொன்னான்.

அவ்வண்டியின் பெருமை அவனுக்கு முழுவதும் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் நகரில் பிறந்தது. 1955ஆம் ஆண்டு ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ நிறுவனம் ரெட்டிச்சின் ராயல் என்பீல்டு நிறுவனத்துடன் கைகோத்து ‘என்பீல்டு இந்தியா’வைத் தோற்றுவித்தது. நம் படைத்துறைக்கு அத்தகைய வண்டிகள் தேவைப்பட்ட காலம் அது. முதலில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளை வரவழைத்துப் பொருத்தினர். பின்னர்ச் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் உறுப்புகளையும் தாமே வார்த்துக் கடைந்து உருவாக்கினர். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு வண்டிகளின் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பிறந்த ஊரில் மறைந்து, வந்த ஊரில் வாழ்ந்த வண்டி அது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அதன்மேல் சற்றுக் கூடுதலான பற்று இருப்பதில் வியப்பில்லை.

சனிக்கிழமை காலை, இடப்பள்ளியில் பட்டறை நடத்தும் தமிழர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். எழுபதை நெருங்கும் அகவையினர். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. ஒரு கல்லின்மேல் அமர்ந்து கேள்விகளைத் தொடுத்தார்.

“தம்பி, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றதா? அல்லது நாளுக்கு நாள் மெலிந்து நின்றதா?”

“நாளுக்கு நாள்தான் ஐயா. முதலில் பத்து உதைக்குப் பற்றும், பிறகு இருபது, பிறகு பற்றவே இல்லை.”

“அப்போது யாரிடம் காட்டினீர்கள்?”

ஒரு பட்டறையில் காட்டியதாகவும், அங்குப் பிளக்கை மாற்றியதாகவும், அதனாலும் பயனில்லாமல் போகவே கார்புரேட்டரையே புதிதாக வாங்கச் சொன்னதாகவும் சிறுவனின் தந்தை கூறினார். முதியவர் சிரித்தார். “நோய் எதுவென்று பாராமல் மருந்து வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்” என்றார். ஐம்பொறிகளுள் வாய்க்கு இத்தொழிலில் வேலை இதுதான்: கேட்பது. வாயால் குழாயை உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

எந்தப் பெட்ரோல் பொறியும் இயங்க மூன்று வேண்டும்: எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, அக்கலவையை நெருக்கும் அழுத்தம், உரிய நொடியில் ஒரு தீப்பொறி. மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அழுத்தம். முதியவர் சிறுவனைக் கிக்கரின்மேல் எடை முழுவதையும் வைத்து நிற்கச் சொன்னார். கிக்கர் உடனே கீழே போகவில்லை. சில நொடிகள் அவனைத் தாங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. உருளைக்குள் காற்று கசியாமல் நெருங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. “தாத்தா வண்டியை நன்றாக வைத்திருந்திருக்கிறார்” என்றார் முதியவர். இஃது உடம்பால் அறிந்தது, அதாவது மெய்யால்.

அடுத்து மூக்கு. தொட்டியின் மூடியைத் திறந்ததும் புளித்த வார்னிஷ் போன்ற வாடை அடித்தது. நெடுநாள் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும், எஞ்சியது பிசுபிசுப்பாகும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும்; கொச்சியின் மழைக்காலத்தில் ஈரத்திற்கா பஞ்சம்? பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்து, புதியது இரண்டு லிட்டர் ஊற்றினார்கள்.

பிறகு கண். சிலமுறை உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அதன் முனை கறுத்து நனைந்திருந்தது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்ததால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை என்று பொருள். ஆகவே குறை தீப்பொறியில் இருக்க வேண்டும்.

இங்கே புல்லட்டின் தலையில் உள்ள சிறு கருவி ஒன்று கைகொடுத்தது. அதற்கு அம்மீட்டர் என்று பெயர். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தினால் அதன் முள் கழித்தல் பக்கம் சாயும். சற்று நேரத்தில் நடுவிற்குத் திரும்பும். பொறியின் வலப்புறச் சிறு மூடிக்குள் ‘பாயிண்ட்’ எனப்படும் இரண்டு உலோக முனைகள் உள்ளன. அவை தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் காயில் வழியே பாயும், முள் சாயும். அவை பிரியும் நொடியில் மின்சாரம் அறுபடும். முள் நடுவிற்கு வரும். அந்த அறுபடுதலால்தான் காயிலில் உயர்ந்த மின்னழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. சேர்ந்திருக்கும்போது அன்று, பிரியும்போதுதான் பொறி பிறக்கிறது என்பதைச் சிறுவன் நம்ப மறுத்தான். அவனுக்காக முதியவர் அதை மூன்று முறை சொன்னார்.

புதிதாக மின்னேற்றிய பேட்டரியை இணைத்துப் பார்த்தபோதும் முள் அசையவில்லை. பேட்டரியில் மின்சாரம் உண்டு, விளக்கு எரிகிறது, ஆனால் பாயிண்ட் வழியே பாயவில்லை. மூடியைத் திறந்தார்கள். இரண்டு முனைகளிலும் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. ஒன்றில் சிறு பள்ளம். மூன்று மழைக்காலத்து ஈரத்தின் கைவேலை அது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தார். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு புலப்படாது. அதனால் அளவு பொறித்த மெல்லிய தகட்டை இடையில் செருகிப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மிகுதியாக விரிந்தால் பொறி முந்திப் பிறக்கும்; குறைவாக விரிந்தால் பிந்தும். பிந்தினால் வண்டி சூடேறிச் சோர்ந்துபோகும். முந்தினால் பிஸ்டன் மேலேறி முடிக்கும் முன்பே கலவை வெடித்து, கிக்கர் எதிர்த்து உதைக்கும். புல்லட் எதிர்த்து உதைத்தால் கணுக்கால் தாங்காது.

இதற்காகவே கைப்பிடியருகில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. டீகம்ப்ரசர் என்பர். கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவிற்கு வந்து, கால் கடினத்தை உணர்ந்ததும் நிறுத்த வேண்டும். நெம்புகோலை அழுத்தினால் வெளியேற்று வால்வு சற்றே திறந்து அழுத்தம் விலகும். அப்போது கிக்கரை இன்னும் சிறிது நகர்த்திவிட்டு, நெம்புகோலை விட வேண்டும். பிறகு கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக அடிவரை உதைக்க வேண்டும். வலிமைக்கு இங்கு வேலை இல்லை. இதைத் தெரிந்தவர்கள் மெலிந்த உடல்வாகினராயினும் ஒரே உதையில் பற்றவைப்பார்கள். தெரியாத மல்லர்கள் வியர்த்து நிற்பார்கள்.

சிறுவன் உதைத்தான். வண்டி பற்றிக்கொண்டது! அனைவரும் கை தட்டினோம். சோக்கை விடுவித்த உடனே வண்டி இருமுறை தும்மி நின்றது. மீண்டும் சோக்கை இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும்.

தந்தையின் முகம் வாடியது. முதியவர் முகம் வாடவில்லை. நிற்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தால் அது செய்தி சொல்கிறது என்பது அவர் கொள்கை. சோக்குக்குக் கார்புரேட்டரில் தனிப் பாதை உண்டு, அது திறந்திருக்கிறது. மெதுவோட்டத்திற்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் என்னும் நுண்துளை அடைத்திருக்கிறது. கழற்றி ஒளியில் பிடித்தார். துளைக்கு அப்பால் ஒளி தெரியவில்லை. பழைய பெட்ரோலின் பிசின்! சிறுவன் ஊசி எடுக்க ஓடினான். “ஊசி கூடாது தம்பி. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் திரும்பச் சிறிதாகாது” என்று தடுத்து, பெட்ரோலில் ஊறவைத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்தார். புதிய கார்புரேட்டர் வாங்க வேண்டிய தேவை அத்துடன் தீர்ந்தது.

இம்முறை வண்டி சோக்கு இல்லாமலே நின்று ஓடியது. நன்கு சூடேறியபின், கார்புரேட்டரின் காற்றுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓட்டம் மிக விரைவாகும் இடத்தில் நிறுத்தினார். பிறகு மற்றொரு திருகால் அந்த விரைவைத் தணித்தார். புகை சூழாதிருக்க வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிய பிறகே இதைச் செய்தார். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். ஐம்பொறிகளும் தோற்கும் இடம் அஃது ஒன்றே.

அந்த ‘டுப்… டுப்… டுப்…’ ஒலியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். புல்லட்டின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் சென்றுவரும் தொலைவு 90 மில்லிமீட்டரும் கொண்டது. பொறி நிமிடத்திற்கு 900 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆக நிமிடத்திற்கு 450, நொடிக்கு ஏழரை. ஒற்றை உருளை ஆதலால் அந்த இடைவெளிகளை நிரப்ப வேறு ஒலி இல்லை. அதனால்தான் அது நெஞ்சில் தட்டுவதுபோல் கேட்கிறது.

சிறுவன் கைப்பேசியில் கம்பத்திற்கு அழைத்து, அதை வண்டியின் அருகே பிடித்தான். தாத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அழுகிறாரோ என்று சிறுவனின் தாய் பதறினார். பிறகு குரல் வந்தது:

“தம்பி, டேப்பட் சத்தம் கேட்கிறதே. சூடு ஆறட்டும், காலையில் பார்க்கச் சொல்.”

முதியவர் வியந்தார். டுப்டுப் ஒலிக்கு அடியில் மெல்லிய ‘டிக் டிக்’ ஒன்று இருக்கத்தான் செய்தது. அவரும் அதைக் கேட்டிருந்தார். ஆனால் கைப்பேசி வழியே, கம்பத்தில் இருந்துகொண்டு! செவி என்னும் பொறிக்கு முதுமை வந்தாலும், பழகிய ஒலியை அது விடுவதில்லை போலும்.

ஞாயிறு காலை, பொறி குளிர்ந்திருக்கையில், உருளையின் வலப்புற மூடியைக் கழற்றினார்கள். வால்வுகளைத் தூக்கும் தண்டுகள் இரண்டு அங்கே நிற்கும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்கும்போது, அத்தண்டுகள் விரலால் உருட்டினால் எளிதாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. ஒரு தண்டு ஆடியது. இவ்வேலைக்கு அளவுத்தகடு வேண்டாம், விரல்நுனியே அளவுகோல். சிறுவனையே உருட்டிப் பார்க்கச் செய்து, அவன் “சரி” என்ற பிறகே முதியவர் மறையை இறுக்கினார்.

திங்கட்கிழமை பழைய இரும்பு வாங்குபவர் தராசுடன் வந்தார். தந்தை வீட்டில் இல்லை. வண்டியின் பதிவைப் புதுப்பிப்பதற்கான ஆவணங்களுடன் காக்கநாட்டுப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்றிருந்தார்.

பயிற்சி

1. ‘ர’கர, ‘ற’கர வேறுபாட்டால் பொருள் மாறுவதைத் தொடரில் அமைத்துக் காட்டுக: பொரி – பொறி; கரை – கறை; மரம் – மறம்; இரங்கு – இறங்கு.

2. பிளக் நனைந்திருந்ததிலிருந்து முதியவர் என்ன முடிவுக்கு வந்தார்? உலர்ந்திருந்தால் எங்கிருந்து தொடங்கியிருப்பார்?

3. சோக்கு இழுத்தால் ஓடி, விட்டால் நின்றது எதைக் காட்டியது? உங்கள் சொற்களில் எழுதுக.

4. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட உருளையின் கனஅளவைக் கணக்கிடுக. விடை ஏறத்தாழ 346 கன செ.மீ. வரும். அதை ஏன் ‘350’ என்று விற்றார்கள் என்று வகுப்பில் பேசுக.

5. உங்கள் வீட்டில், தாத்தா அல்லது பாட்டி ஒலியால் மட்டுமே அறிந்து சொல்லும் பொருள் ஏதேனும் உண்டா? தையல் இயந்திரம், மாவரைக்கும் கல், தண்ணீர் மோட்டார் எதுவாயினும் சரி. அவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதி வருக.