சேவல் இறகில் ஒரு பூச்சி

குளிர்ந்த மலையோடை ஒன்றில் டிரௌட் மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது. மேலே சிறு பூச்சி ஒன்று மிதந்து வருகிறது. மீன் எழும்பி அதைக் கவ்வுகிறது. ஆனால் அது பூச்சியன்று! ஒரு தூண்டில் முள், கொஞ்சம் கம்பளி, ஒரு சேவல் இறகு, அவ்வளவுதான். கண் கூர்மையான மீன் எப்படி ஏமாந்தது? இக்கேள்விக்கு விடை தேடினால் உயிரியலும் பௌதிகமும் கைகோத்து வருவதைக் காணலாம்.

இக்கலை மிகப் பழமையானது. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனிய மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்குள்ள ஆற்றில் மீன்கள் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்றன. அப்பூச்சியைக் கையால் பிடித்தாலோ நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும், இரையாகப் பயன்படாது. எனவே மீனவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைப் பொருத்தினார்கள். உண்மைப் பூச்சி உதவாதபோது போலிப் பூச்சி பிறந்தது.

எந்தப் பூச்சியைப் போலச் செய்வது? டிரௌட் விரும்பி உண்பவற்றுள் ஒன்று மே ஈ. பெயரில் ஈ இருந்தாலும் இது வீட்டு ஈயின் இனமன்று. இதன் இளம்பூச்சி பெரும்பாலும் ஓராண்டுக் காலம் நீருக்கடியில் வாழும். பிறகு மேற்பரப்புக்கு வந்து தோலுரித்துச் சிறகு பெறும். அத்துடன் நில்லாமல் மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கும்! சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இன்று இது ஒன்றே. முதிர்ந்த பூச்சி உண்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. ஈரச் சிறகுடன் நீர்மேல் தங்கியிருக்கும் நேரத்திலும் மீன் அதைப் பிடிக்கிறது.

இனி, போலிப் பூச்சியைக் கட்டும் முறையைப் பார்ப்போம்.

1. தூண்டில் முள்ளின் வளைவை ஒரு சிறு வைஸில் இறுகப் பொருத்துகிறார்கள். தேன்மெழுகு தடவிய மெல்லிய நூலை முள்ளின் காதருகே தொடங்கி, வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். முடிச்சு இல்லை. நூலின் நுனிமேலேயே நூல் சுற்றப்படுவதால் உராய்வு அதை இறுக்கிப் பிடிக்கிறது. கப்பலைக் கட்டும் கயிற்றைக் குட்டைத் தூணில் சில சுற்றுகள் சுற்றுவதும் இதே தத்துவந்தான்.

2. இறகிலிருந்து நான்கைந்து விறைப்பான இழைகளைப் பிய்த்து வாலாகக் கட்டுகிறார்கள்.

3. முயல் ரோமத்தை நூலோடு முறுக்கி, காதை நோக்கிச் சுற்றி உடலை அமைக்கிறார்கள்.

4. சேவலின் கழுத்து இறகு ஒன்றின் தண்டைக் காதருகே கட்டி, முள்ளைச் சுற்றி நான்கைந்து சுற்றுகள் சுற்றுகிறார்கள். இழைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாற்புறமும் விரிகின்றன. இவையே பூச்சியின் கால்கள்.

5. நூலின் முனையை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே செருகி இழுத்து, ஒரு துளி வார்னிஷ் இடுகிறார்கள்.

எஃகு நீரைவிட அடர்த்தி மிக்கது. பிறகு முள் எப்படி மிதக்கிறது? இங்கு உதவுவது நீரின் பரப்பு இழுவிசை. 20 டிகிரி செல்சியஸில் இதன் அளவு மீட்டருக்குச் சுமார் 0.073 நியூட்டன். நமது பூச்சியின் எடை 50 மில்லிகிராம் என வைத்துக்கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 0.00049 நியூட்டன். இதை 0.073 ஆல் வகுத்தால் 0.0067 மீட்டர், அதாவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கிடைக்கிறது. நீர்ப்பரப்பு முழு விசையையும் மேல்நோக்கிச் செலுத்தினால், 7 மில்லிமீட்டர் தொடுகோடு போதும்! வெற்று முள் விழும் வேகத்தில் பரப்பைக் கிழித்து மூழ்கிவிடும். பல இழைகள் விரிந்திருந்தால் விழும் வேகம் குறைகிறது. எடையும் பல இடங்களில் பங்கிடப்படுகிறது. சேவல் இறகின் இழைகள் விறைப்பானவை, நீரை எளிதில் உறிஞ்சா. கோழியின் இறகு மென்மையானது, நீரில் ஊறும். ஆகவே அது மூழ்கும் போலிப் பூச்சிகளுக்கு ஏற்றது.

மீனின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? 1836இல் போலிப் பூச்சிகளைப் பற்றி நூல் எழுதிய இங்கிலாந்துக்காரர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ், ஓடைக்கரையில் குடில் கட்டி டிரௌட்டைக் கவனித்தவர்; ஒளிவிலகலைக் கொண்டு மீனின் பார்வையை விளக்கினார். நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளியின் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 டிகிரி. ஆகவே மீன் வெளியுலகை 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரம் வழியாகவே காண்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சாளரத்தின் ஆரம் சுமார் 34 சென்டிமீட்டர். அதற்கு அப்பால், முழு அக எதிரொளிப்பினால் நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பூச்சியின் உடல் தெரியாது. கால்கள் அழுத்திய குழிகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாய் மின்னும். இறகிழைகளும் அதே புள்ளிகளை உண்டாக்குகின்றன. மீன் ஏமாறுவது இங்கேதான் தொடங்குகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். தூண்டில் முள் வேண்டாம், கையைக் கிழிக்கும். 2 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய செம்புக் கம்பிகள் இரண்டு எடுங்கள். ஒன்றில் சிறு சேவல் இறகைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து நீரில் பத்து முறை போட்டு, எத்தனை முறை மிதந்தன என்று குறியுங்கள். பிறகு நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு மீண்டும் செய்யுங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

இக்கலைக்கு ஒரு துயரப் பக்கமும் உண்டு. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் மீன் இரை உண்பதில்லை. அதற்கெனக் கட்டப்பட்ட பகட்டான 'ஈ'க்கள் எந்தப் பூச்சியையும் ஒத்தவையல்ல. ஆயினும் அவற்றுக்காக அரிய பறவைகள் பல கொல்லப்பட்டன. நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியும் அவற்றுள் ஒன்று. அதன் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற பொட்டுகள் உண்டு. அந்த அழகே அதற்கு எமனாயிற்று. இந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் இப்பறவையை இன்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது.

2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. பரிணாம அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றுள் இருந்தன. நோக்கம், போலி ஈ கட்டுவோருக்கு இறகு விற்பது. முழுமையாக மீட்கப்பட்டவை 174. அவற்றிலும் 102இல் மட்டுமே பெயர்ச்சீட்டு இருந்தது. பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டு போய்விட்டால், அந்தப் பறவை அறிவியலுக்குச் சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதி போய்விடும்.

டிரௌட்டை ஏமாற்ற வீட்டுச் சேவலின் இறகே போதுமென்று மாசிடோனிய மீனவர் காட்டினர். அரிய இறகைக் கண்டு ஏமாந்தது மீனா, மனிதனா? நீங்களே சொல்லுங்கள்.