கைத்தொலைபேசிக்கு எப்போது வயதாகிறது?

சில மாதங்களுக்கு முன், மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்தில் நாம் அமர்ந்திருந்தோம். சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்ததும் ஓர் அக்கா தன் போனை எம்மிடம் நீட்டினார்.

"இது பழசாப் போச்சுது. காலமை ஏத்தினா மத்தியானத்துக்கு முதல் இறங்கியிடுது. பிள்ளையள் வேற ஒண்டு வாங்கச் சொல்லுதுகள். தோட்டை அடைவு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்த இடத்தில் எம்மிடம் தெளிவான விடை இருக்கவில்லை. அடுத்த நாள் பட்டணத்துக்குப் போகும் வேலை இருந்ததால், போனை வாங்கிச் சென்று திருத்துகின்ற தம்பி ஒருவரிடம் காட்டினோம். அவர் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில பற்றரி மட்டும்தான் முடிஞ்சிருக்கு. போன் இன்னும் ரெண்டு மூண்டு வருசம் ஓடும்" என்றார். பற்றரி மாற்றப்பட்டது. அக்காவின் தோடு இன்னும் காதில்தான் இருக்கிறது.

அதன் பின்னரே இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் படித்தோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது, கடன்பட்டாவது ஒரு போன் வாங்காத வீடு எம்மிடையே குறைவு. அன்று வாங்கியவை ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டன. இதற்கிடையில் 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 வரை ஏறியது. 2024 ஜனவரி முதல் போன்களுக்கும் 18 வீதப் பெறுமதிசேர் வரி வந்தது. எனவே பழையதை வீசிப் புதியது வாங்குவது, குத்தகைக் காணியில் மிளகாய் நட்டு வாழும் குடும்பத்துக்குச் சின்ன விடயமல்ல.

போனின் ஆயுளைக் கடைக்காரர்கள் ஒரே எண்ணில் சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடம் என்பார்கள், மூன்று வருடம் என்பார்கள். உண்மையில் போனுக்கு ஒரு வயது அல்ல, பல வயதுகள் உண்டு. நீரிறைக்கும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். வோஷர் தேய்ந்தால் வோஷரை மாற்றுகிறோம். இயந்திரத்தையே தூக்கி எறிவதில்லை. போனிலும் எது தேய்ந்தது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

பற்றரியின் வயது

பெரும்பாலும் முதலில் தளர்வது பற்றரி. இது லிதியம் அயன் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அதன் கொள்ளளவு சிறிது குறைகிறது. அப்பிள் கம்பனி தனது ஐபோன் 14 வரையான மாதிரிகளுக்குக் கூறும் கணக்கு இது: 500 முழுச் சுற்றுகள் முடியும்போது பற்றரியில் எண்பது வீதம் மிஞ்சும். ஐபோன் 15 இலிருந்து இது 1000 சுற்றுகள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுகள் என்று சட்டம் போட்டுள்ளது.

சுற்று என்பது வயரைச் செருகும் தடவை அல்ல. இன்று பாதி, நாளை பாதி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. ஆகவே நாள்தோறும் முழுவதையும் இறக்குபவருக்கு 500 சுற்று ஏறத்தாழ பதினாறு மாதத்தில் முடியும். பாதி மட்டும் செலவழிப்பவருக்கு இரண்டே முக்கால் வருடம் ஆகும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு போன்களில் ஒன்று முந்திக் கிழடாவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெப்பம். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் போனைப் பாவிப்பது பற்றரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்று அப்பிள் எச்சரிக்கிறது. எமது வயலில் கோடைகாலத்து நண்பகலில் அதற்கு மேலும் போகும். வரம்பில் வெயில் படும்படி வைத்த போன், உழவு இயந்திரத்தின் இருக்கையில் கிடக்கும் போன், தகரக் கூரைக்குக் கீழே தலையணைக்கடியில் வைத்து இரவு முழுவதும் ஏற்றப்படும் போன் எல்லாம் வெந்துகொண்டுதான் இருக்கின்றன. நிழலில் வையுங்கள். துணிப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டாலும் போதும். முற்றாக இறங்கும்வரை காத்திராமல் இடையிடையே ஏற்றுவதும் நல்லது.

பின்பக்க மூடி மெல்ல எழும்பியிருந்தால் அல்லது திரை விளிம்பில் பிரிந்திருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஏற்றவே கூடாது. ஊசியால் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையோடு எரிக்கவும் கூடாது. திருத்துபவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

2003 இல் வந்த நொக்கியா 1100 எம்மில் பலரின் முதற்போனாக இருந்திருக்கும். அதன் மூடியை நகத்தால் கழற்றிப் பற்றரியை நாமே மாற்றினோம். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது அது. டோர்ச் வெளிச்சமும் இருந்தது. பின்னர் வந்த போன்களைப் பசை வைத்து ஒட்டிவிட்டார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. 2027 பெப்ரவரி முதல், பாவிப்பவரே கழற்றக்கூடிய பற்றரி பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு சட்டம் கூறுகிறது.

போன் மெதுவாக இயங்குவதையும் முதுமை என்று எண்ணிவிடுகிறோம். பல வேளைகளில் அது வெறும் நெரிசல்தான். உள்ளிடம் நிரம்பிவிட்டால் எந்தப் போனும் திணறும். தினமும் காலையில் வரும் காலை வணக்கப் பூக்களையும் கல்யாண வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

கம்பனியின் கையிலுள்ள வயது

நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் போனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இயந்திரத்தை விற்றவர் பிறகு அதைத் தொட முடியாது. போனை விற்றவரோ கடல் கடந்து இருந்தபடியே அதன் உள்ளே மாற்றம் செய்ய முடியும். செய்யாமல் கைவிடவும் முடியும்.

செய்ததற்கு ஓர் உதாரணம் சொல்வோம். பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தாம் குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென நின்றுவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்று காரணம் கூறியது. ஆனால் பாவிப்பவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பற்றரி மாற்றினால் போதும் என்று அறியாமல் எத்தனையோ பேர் புதுப்போன் வாங்கினார்கள். 2020 பெப்ரவரியில் பிரான்சு இதற்காக இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 50 கோடி டொலர் வரை கொடுக்க அக்கம்பனி உடன்பட்டது. அந்த அக்காவுக்கு வந்த சந்தேகம் பணக்கார நாட்டவருக்கும் வந்ததுதான்.

கைவிடுவது இன்னொரு வகை. போனுக்கு அவ்வப்போது வரும் 'அப்டேற்' எதற்கென்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் நாம் வேலி அடைப்பது போன்றது அது. ஓலை உக்கி வேலியில் பொட்டு விழும். அடைத்தால் மாடு வராது. மென்பொருளிலும் பொட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கம்பனி அடைத்து அனுப்புகிறது. ஒரு நாள் அடைப்பதை நிறுத்திவிடும். அன்று போன் சாவதில்லை. கதைக்கலாம், படம் எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனால் வங்கிக் கணக்கை அதற்குள் வைப்பது பொட்டு விழுந்த வேலிக்குள் கன்றைக் கட்டுவது போலாகும். வங்கி வேலையை வீட்டிலுள்ள புதிய போனுக்கு மாற்றிவிட்டுப் பழையதை வேறு தேவைகளுக்கு வைத்திருங்கள் என்பதே எமது கருத்து.

உங்கள் போனின் வேலி கடைசியாக எப்போது அடைக்கப்பட்டது என்று நீங்களே பார்க்கலாம். அன்ரொயிட் போனாயின் 'செற்றிங்ஸ்' பகுதியில் 'அபவுட் போன்' என்பதற்குள் போய்ப் பார்த்தால் பாதுகாப்பு அப்டேற்றின் திகதி இருக்கும். சில போன்களில் அது அன்ரொயிட் பதிப்பு என்ற இடத்துக்குள் இருக்கும். திகதி ஒரு வருடத்துக்கும் பழையதாயின் கைவிடப்பட்டதாகவே கொள்ளலாம்.

எத்தனை வருடம் அடைத்துத் தருவார்கள் என்பது கம்பனிக்குக் கம்பனி, மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கூகுள் தனது பிக்சல் 8 போனுக்கு 2023 இலும், சம்சுங் தனது எஸ்24 போனுக்கு 2024 இலும் ஏழு வருடம் என்று வாக்களித்தன. இவை விலை கூடியவை. ஆனால் 2024 இல் வந்த விலை குறைந்த ஏ16 போனுக்கும் சம்சுங் ஆறு வருடம் சொன்னது. மலிவான வேறு பல போன்களுக்கு இரண்டு வருடத்தோடு சரி. இங்கே எம்மவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த வருடங்கள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாதிரி உலகச் சந்தைக்கு முதலில் வந்த நாளிலிருந்தே பொதுவாக எண்ணப்படுகின்றன. நான்கு வருட வாக்குறுதியோடு வந்த மாதிரியை மூன்று வருடம் கழித்துப் பெட்டி பிரிக்காமல் வாங்கினாலும் எஞ்சியிருப்பது ஒரு வருடமே. கடையில் கமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் போன்

கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகள் தாம் பாவித்த ஐபோன்களை ஊருக்கு அனுப்புவது வழக்கம். அன்போடு வருவதைக் குறைசொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் இருக்கிறது.

ஐபோன் 6 வந்தது 2014 இல். ஐபோன் 6எஸ் வந்தது 2015 இல். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். உள்ளே 6 இல் இருந்த நினைவகம் ஒரு ஜிபி, 6எஸ் இல் இரண்டு. ஐபோன் 6 க்கு மென்பொருளின் 12 ஆம் பதிப்போடு அப்பிள் நிறுத்திக்கொண்டது. 6எஸ் 15 ஆம் பதிப்பு வரை பெற்றது. 2025 மே 5 ஆந் திகதி முதல், 15.1 பதிப்புக்குக் கீழ்ப்பட்ட ஐபோன்களில் வட்ஸ்அப் வேலை செய்யாது என்றானது. ஐபோன் 6 இல் அன்றோடு வட்ஸ்அப் நின்றது. 6எஸ் அன்று தப்பியது. திரை உடையவில்லை, பற்றரி வீங்கவில்லை. பாடக்குறிப்பும் சந்தை விலையும் வட்ஸ்அப்பில் வரும் வீட்டில் அந்தப் போன் ஒரே நாளில் பழசாகிவிட்டது.

எனவே அனுப்பப் போகிறோம் என்று உறவினர் சொன்னால், அது எந்த மாதிரி என்று கேளுங்கள். தமது அப்பிள் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டே அனுப்பச் சொல்லுங்கள். 2013 முதல் வந்த பூட்டு ஒன்று உண்டு. கணக்கை நீக்காவிட்டால் இங்கு வந்து அழித்துத் தொடங்கும்போது போன் திறக்காது. வெளிநாட்டுத் தொலைபேசிக் கம்பனியின் பூட்டும் இருக்கலாம். கனடாவில் 2017 டிசெம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசெம்பர் முதலும் அப்படிப் பூட்டி விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு முன் வாங்கியவற்றில் கவனம் வேண்டும்.

உள்ளூரில் பாவித்த போன் வாங்குபவர்கள் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, சதுரக் குறி என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் தோன்றும். ஐஎம்இஐ என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதியப்பட்டதா என்று விடை வரும்.

போனுக்குள் இருப்பது

அந்தக் கூட்டத்தில் நாம் இன்னொன்றையும் கேட்டோம்: "இந்தப் போன் இண்டைக்குச் செத்தால் எதை இழப்பீர்கள்?" பேரப்பிள்ளையின் படம் என்றார் ஒருவர். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் மூலையில் இருந்த ஓர் அம்மா, "காணி உறுதியின்ர படம் இதுக்குள்ளதான் கிடக்கு. உறுதி ஓட்டத்திலயே போட்டுது" என்றார். மேலும் மூன்று பேர் தலையாட்டினார்கள்.

1990 இலும் 1995 இலும் 2009 இலும் ஓடியவர்களிடம் இப்படித்தான் பத்திரங்கள் தொலைந்தன. உறவினர் வீட்டில் இருந்த நிழற்பிரதியைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறோம். போன் பழசாகும்போது, உடையும்போது, அழித்துத் தொடங்கும்போது அதுவும் போய்விடும். ஆகவே பற்றரி மாற்றக் கொடுப்பதற்கு முன்னரே அப்படங்களை நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். படமாக அன்றி ஆவணமாக அனுப்பினால் எழுத்துத் தெளிவு குறையாது. மெமரி கார்ட்டில் ஒரு பிரதி வைக்கலாம். பட்டணத்துக் கடையில் ஒரு தடவை அச்சிட்டும் எடுங்கள்.

படம் உறுதி ஆகாது. ஆனால் அந்தப் படத்திலுள்ள உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் இருந்தால், பதிவேடுகள் தப்பியிருக்குமிடத்துக் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். அந்த அம்மாவின் போன் திரை நடுவில் வெடித்திருந்தது. ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பிடிக்க, இன்னொருவர் இலக்கத்தை வாசிக்க, பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றின் கடைசித் தாளில் அதை எழுதினோம். இரண்டு இலக்கங்கள் தெளிவில்லை. அவை மூன்றா எட்டா என்று அன்று மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.