திறந்த வாயிலைக் காத்தல்

ஓசூரினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில், ஜூஜூவாடியைக் கடந்தவுடன் கருநாடக எல்லை தொடங்குகின்றது. முன்னர்ச் சரக்கு வண்டிகள் எல்லையோரச் சோதனைச்சாவடியில் நின்று, தாள்களைக் காட்டி, முத்திரை பெற்ற பின்னரே செல்லும். 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டு வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்படின், சில விலக்குகள் நீங்கலாக, இ-வே பில் வேண்டும். இதற்குரிய தளத்தை அமைத்தது தேசிய தகவலியல் மையம். அவ்வாறாயின் தாமதம் முற்றும் ஒழிந்ததோ எனின், ஒழியவில்லை. அதில் ஒரு பகுதி சாலையை விட்டுக் கம்பிக்குள் புகுந்தது. அஃது எவ்வாறென ஆராய்வோம்.

சிப்காட் பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணினி, மாலையில் 100 பில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றது எனக் கொள்வோம். எச்.டி.டி.பி. முறையில் கேள்வியை அனுப்புமுன் இரு செயல்கள் நிகழவேண்டும். முதலாவது, இரு கணினிகளும் டி.சி.பி. இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளல், இதற்கு ஒருமுறை சென்று மீளவேண்டும். இரண்டாவது, டி.எல்.எஸ். என்னும் மறைக்குறிக் காப்பை அமைத்தல், 1.2ஆம் பதிப்பில் இதற்கு இருமுறையும், 2018இல் வெளிவந்த 1.3ஆம் பதிப்பில் ஒருமுறையும் சென்று மீளவேண்டும். அதன் பின்னரே கேள்வியும் விடையும்.

ஒருமுறை சென்று மீள 40 மில்லிசெகண்டு ஆகுமென வைத்துக்கொண்டால், 1.3ஆம் பதிப்பில் ஒவ்வொரு பில்லுக்கும் 120 மில்லிசெகண்டு. நூற்றுக்கு 12 நொடி. இணைப்பை ஒருமுறை திறந்து, மூடாது வைத்துக்கொண்டாலோ, தொடக்கத்திற்கு 80 மில்லிசெகண்டும் நூறு கேள்விகட்கு 4 நொடியுமே ஆகும். வேலை ஒன்றே, வீண்போனது ஏறக்குறைய 8 நொடி. அன்றியும், புதிய இணைப்பு தொடக்கத்தில் சிறிது சிறிதாகவே செய்தியை விடும். பழகிய இணைப்போ வேகம் பெற்றிருக்கும்.

மற்றொரு கேடும் உண்டு. இணைப்பை முதலில் மூடிய கணினி அதன் வாயில் எண்ணைச் சிறிது நேரம் விடாது பற்றிநிற்கும்; லினக்ஸில் இக்காலம் 60 நொடி. அங்கே வழக்கமாக இதற்கென உள்ள எண்கள் 28,232. ஆதலின் ஒரே சர்வரின் ஒரே வாயிலை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 470 இணைப்புகளுக்கு மேல் தொடர்ந்து திறந்து மூடின், எண்கள் தீர்ந்து வேலை நின்றுபோகும்.

இக்குறையை நீக்கவே, 1997இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1ஆம் பதிப்பு இணைப்பைத் திறந்தே வைத்திருத்தலை இயல்பாக்கியது. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒரே இணைப்பில் பல கேள்விகளை ஒருங்கே செல்லவிட்டது. எனினும் பதிப்பு மட்டும் போதாது. நிரல் எழுதுவோனும் ஒத்துழைக்கவேண்டும். பைத்தான் மொழியின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் 'செஷன்' ஒன்றை ஆக்கி அதனையே பயன்படுத்தினால் இணைப்பு நிலைக்கும். ஒவ்வொரு முறையும் தனியே அழைத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும். கோ மொழியில் விடையை இறுதிவரை படித்து மூடாவிடின், அவ்விணைப்பு மறுபடி உதவாமற் போகலாம்.

இனி, எச்சரிக்கை ஒன்று. திறந்த இணைப்பு என்றென்றும் திறந்திராது. சும்மா இருக்கும் இணைப்பை அபாச்சி சர்வர் இயல்பாக 5 நொடியிலும், என்ஜின்எக்ஸ் 75 நொடியிலும் மூடிவிடும். சர்வர் மூடுகின்ற அக்கணத்திலேயே நாம் கேள்வியை அனுப்பினால், அது சேர்ந்ததோ சேரவில்லையோ என்பது நமக்குத் தெரியாது. தகவல் மட்டும் கேட்டிருந்தால் மீண்டும் கேட்பதில் தீங்கில்லை. புதிய பில்லை ஆக்கும்படி கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்புவது ஒரு சரக்குக்கு இரு பில் கேட்பதாகும். ஆதலின், சர்வரினும் முன்னதாக நாமே பழைய இணைப்பைக் கைவிடுமாறு காலம் குறித்தலும், ஐயம் எழுந்தவிடத்து அந்த இன்வாய்ஸ் எண்ணுக்குப் பில் உண்டோ என முதலில் வினவியறிதலும் நன்று.

நம் கல்லூரியில் பயின்று ஓசூர், பர்கூர்த் தொழிற்சாலைகளில் நிரல் எழுதச் செல்லும் மாணவர்கள், இயந்திரம் தாமதித்தால் உடனே புதிய இயந்திரம் வாங்கச் சொல்லாதிருப்பாராக. ஒரு மணியில் எத்தனை கேள்விகள் சென்றன, எத்தனை இணைப்புகள் திறக்கப்பட்டன என்று முதலில் எண்ணிப் பார்ப்பாராக. இவ்விரு தொகையும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பின், பிழை இயந்திரத்தில் இல்லை, நிரலில் உள்ளது.